ஆபிரிக்காவில் குளிர்காலம்: அங்கே இருந்தவர்கள் உங்கள் சின்னச் சின்ன சுகங்களைச் சொல்லுங்கள்

கொட்டகலை மகள்

இங்கே இலங்கை மலையகத்தில், கொட்டகலையில், விடாமல் மழை. நான்கு நாளாகத் துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி அம்மா எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறார், வீடு முழுக்க ஈரப் புகை வாசம். ஆறு வருடம் ஜொகன்னஸ்பேர்க்கில் கணக்கு வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் திரும்பி வந்தேன். இந்த ஜூலை மாதம் அங்கே இருந்திருந்தால் இந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்ததில், உட்கார்ந்து எழுத வேண்டும் போல இருந்தது.

ஆபிரிக்கா என்றதும் நம் ஊரில் எல்லோரும் வெயிலைத்தான் கேட்பார்கள். ஜொகன்னஸ்பேர்க் ஏறக்குறைய 1,750 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நுவரெலியாவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். இரவில் பூச்சியத்தை ஒட்டி இறங்கும், காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகத் துகள் பனி. ஆனால் மழை கிடையாது. மழைக்காலம் அங்கே கோடையில்தான். குளிர்காலம் முழுக்க வானம் நீலமாக, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருக்கும். பகலில் 16, 17 பாகை வெயிலில் உட்கார்ந்தால் முதுகு இளஞ்சூடாகும்.

எனக்கு அங்கே கிடைத்த முதல் சுகம் என்ன தெரியுமா? காய்ந்த காலுறை. காலையில் துவைத்துப் போட்ட துணி மதியத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியிலிருந்து எடுத்த காலுறையை அப்படியே போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதேன். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் ஈரக் காலுறைதான், அடுப்பில் காயவைத்த புகை வாசம் அடிக்கும் யூனிபோம்தான். வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள், அது இன்னும் மறக்கவில்லை. குளிர் என்றாலே எனக்கு ஈரம் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அந்தப் படியில்தான் தெரிந்தது.

அப்புறம் வெயில். அங்கே குளிர்காலத்தில் சூரியன் வடக்குப் பக்கமாகவே சரிந்து போகும், அதனால் வடக்கு ஜன்னல் உள்ள வீட்டுக்கு வாடகை கூடினாலும் பரவாயில்லை என்று எடுத்தேன். அந்த ஜன்னலடியில் ஒரு பாய், கையில் தேத்தண்ணி, பக்கத்தில் ரஸ்க். அங்கத்தைய ரஸ்க் நம்முடையதைவிடத் தடிப்பு, நனைக்காமல் கடிக்கவே முடியாது. கிம்புலா பணிஸை தேத்தண்ணியில் முக்கித் தின்று வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

குளிர்காலத்தில் வீதிச் சந்திகளில் வலைப்பையில் கட்டிச் சின்னத் தோடம்பழம் விற்பார்கள். விரலாலேயே உரிக்கலாம், உரித்த வாசம் அன்று முழுக்கக் கையில் இருக்கும். அதற்கு அங்கே பெயர் 'நார்ச்சி'. நம் 'நாரத்தை'தான் கடல் கடந்து போய் அப்படி ஆகியிருக்கிறது, அவர்களுடைய அகராதியிலேயே தமிழ்ச் சொல் என்று போட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பழக்காரரிடம் நான் நாரத்தை என்றே கேட்பேன். அவருக்கும் புரியும்.

இரவு வானம் இன்னொன்று. நம் ஆனி ஆடியில் மேகமும் மழையுமாக நட்சத்திரம் எங்கே தெரிகிறது? அங்கே ஜூலை இரவில் கேட்டை நட்சத்திரம் செக்கச் செவேலென்று நேர் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். நாமும் கேட்டையைப் பார்த்திருக்கிறோம், ஆனால் தெற்கே சரிவாகத்தான். என் அப்பாயியின் நட்சத்திரம் அது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

2023 ஜூலை 10ஆம் திகதி அங்கே பனி கொட்டியது. 2012 ஆகஸ்ட்டுக்குப் பிறகு அதுதானாம். அலுவலகத்தில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம், ஐம்பது வயது மேலாளர் வாயைத் திறந்து நாக்கில் பிடித்தார். ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்தப் பனியைவிட எனக்குப் பெரியது அந்தக் காய்ந்த காலுறைதான்.

சரி, உங்களுக்கு என்ன? கென்யாவோ எத்தியோப்பியாவோ எங்கே இருந்தாலும் சொல்லுங்கள்.

பூண்டுலோயா தம்பி

அக்கா, நான் இந்த மாதக் கடைசியில் நைரோபி போகிறேன், ஹோட்டல் சமையலறை வேலை. வீட்டில் எல்லோரும் ஆபிரிக்கா என்றால் சூடு, மெல்லிய சட்டை போதும் என்கிறார்கள். பயணப் பையில் 23 கிலோதான் விடுவார்கள், ஜெக்கட் வைத்தால் அம்மா கட்டித் தரும் மிளகாய்த் தூளும் கருவாடும் வைக்க இடமில்லை. உண்மையில் குளிருமா?

கெரிச்சோ ஸ்டோர்

தம்பி, ஜெக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறு, பையில் வைக்காதே. நைரோபி 1,800 மீற்றருக்குக் கிட்ட. நுவரெலியா 1,868. கணக்குப் போட்டுக்கொள். ஜூலை அங்கே வருடத்தின் மிகக் குளிரான மாதம். காலையில் எழுந்தால் வானம் சாம்பல் நிறத்தில் மூடியிருக்கும், பத்துப் பதினொரு மணி வரைக்கும் வெயில் எட்டிப் பார்க்காது, வீட்டில் சூடாக்க எந்த வசதியும் இருக்காது. ஆனால் நீ பூண்டுலோயாவில் வளர்ந்தவன், உனக்கு அது பழகிய குளிர்தான்.

நான் தலவாக்கலை. கென்யாவில் கெரிச்சோவில் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, இது நான்காவது வருடம். இப்போது லீவில் வந்து வீட்டில் இருக்கிறேன். கொட்டகலைத் தங்கச்சி சொன்ன காய்ந்த குளிர் எங்களுக்குக் கிடையாது. கெரிச்சோ பூமத்திய ரேகைக்கு ஒட்டினாற்போல, 2,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. வருடம் முழுக்க மழை, காலையில் பளிச்சென்று வெயில், பின்னேரம் இடியோடு கொட்டும், பல நாள் ஆலங்கட்டி விழும். தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கொழுந்தைக் கிழித்துப் போட்டுவிடும், அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் முதல் நாள் நான் அந்த மலையைப் பார்த்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது, எங்கள் தோட்டத்துக் கீழ்ப் பிரிவை, கீழ்கணக்கைப் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது. கென்யாவில் முதல் தேயிலைக் கன்று லிமுருவில் 1903இல் நட்டது. நம்முடைய லூல்கந்துரையில் 1867. அதனால் அங்குள்ளவர்களிடம் நான் எப்போதும் நாங்கள் உங்களுக்கு மூத்தவர்கள் என்பேன், அவர்களும் சரி அண்ணா என்று சிரிப்பார்கள்.

என்னுடைய சுகம் எது என்றால், இரவு ஷிப்டில் ட்ரையர் பக்கம் நிற்பது. வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே வந்தால் காய்கிற தேயிலையின் வாசமும் அந்தச் சூடும் உடம்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். என் அப்பா இங்கே ஸ்டோரில் வேலை செய்தவர். அவர் வீட்டுக்கு வந்தால் சட்டையில் இதே வாசம்தான், நாங்கள் பிள்ளைகள் அவருடைய கம்பளிச் சட்டைக்குள் தலையை விட்டுக்கொள்வோம். அங்கே பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் செய்யும் சீடீசீ தூள் தேயிலை, நம்முடைய இலைத் தேயிலையின் வாசத்திலிருந்து கொஞ்சம் மாறும். கண்ணை மூடினால் அந்த வித்தியாசம்கூடத் தெரியாது.

ஷிப்ட் முடிந்து வந்தால் வாசல் கடையில் அவர்களுடைய சாயா. பாலும் தண்ணீரும் தூளும் சீனியும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கப் பொங்கக் காய்ச்சுவார்கள். பக்கத்தில் சுடச் சுட மண்டாசி, நம் வாய்ப்பன் மாதிரி, வாழைப்பழம் மட்டும் இல்லை. முதல் வருடம் எனக்கு அந்தப் பால் தேத்தண்ணி பிடிக்கவில்லை. பிளேன்டீயும் கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும் இல்லாமல் எனக்கு விடியாது. இப்போது வீட்டுக்கு வந்த இரண்டாவது நாளே மனைவியிடம் பால் ஊற்றிக் காய்ச்சித் தரச் சொன்னேன், அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

முனைக் குளிர்

ஒரு திருத்தம். தென்னாபிரிக்கா முழுக்கக் காய்ந்த குளிர் என்று யாரும் நம்பிப் போய்விடாதீர்கள். நான் கேப் டவுனில் மூன்று வருடம் இருந்தேன், அங்கே மழையே குளிர்காலத்தில்தான். காற்றும் மழையுமாக அட்டன் ஜூன் மாதிரியே இருக்கும். அங்கே என் சுகம், மழை விட்ட மறுநாள் மேசை மலையின் பக்கவாட்டில் வெள்ளிக் கம்பி மாதிரி இறங்கும் நீரோடைகளைப் பார்ப்பது. டெவோன் அருவியும் சென் கிளயர் அருவியும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அவை சின்னதுதான். ஆனாலும் வீட்டு ஞாபகத்தைத் தருமே, அது போதும்.

மேல்கணக்கு

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒரு விஷயம் நெருடுகிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

என் அம்மாவுக்கு 54 வயது, இன்றைக்கும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறார். இந்த மழையில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு, கால் விரல் இடுக்கில் அட்டைக்கு சவர்க்காரம் தடவிக்கொண்டு போவார். மாலையில் வந்தால் விரல்கள் வெளுத்துச் சுருங்கி இருக்கும், தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிப்பார். அவருக்கு முன்னால் குளிர்காலச் சுகம் என்ற வார்த்தையை என்னால் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்குப் போய்க் குளிரை ரசிக்கக் கற்றுக்கொண்டோம் என்றால், இங்கே குளிரில் வேலை செய்கிறவர்களை விட்டு நாம் தூரம் போய்விட்டோம் என்றுதானே பொருள்? கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

கொட்டகலை மகள்

தம்பி, கேட்டது நல்லது. நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன்.

என் அம்மாவும் 31 வருடம் கொழுந்து பறித்தவர். என் கண்ணில் குளிர் என்பது அவருடைய பாத வெடிப்புத்தான். அதனால்தான் அந்த நாள் படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை அது. ஒரு சோடி காய்ந்த காலுறை இத்தனை இலேசாகக் கிடைக்கும் பொருள் என்று தெரிந்தபோது, இது ஏன் அம்மாவுக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ரசிக்கக் கற்றுக்கொண்டதால் நான் தூரம் போகவில்லை தம்பி. அதற்கு முன்னால் குளிர் என்றால் இப்படித்தான், நம் தலைவிதி, மலையில் பிறந்தால் அனுபவிக்க வேண்டும் என்று நினைத்தேன். அங்கே போன பிறகுதான், குளிரில் நம்மை வதைப்பது பாதி ஈரம்தான், அந்த ஈரத்துக்குக் காரணம் ஒழுகும் தகரமும் காயவைக்க இடமில்லாத காம்பரா அறையும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. குளிரை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டையும் மாற்றலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் இரவுக் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார், லிம்போப்போ பக்கத்து ஆள். தகர டின்னில் சுற்றிவர ஓட்டை போட்டு நிலக்கரி எரிப்பார், இம்பாவுலா என்பார்கள். அவர் தீ மூட்டுவது தலைகீழாக இருக்கும். கரியைக் கீழே அடுக்கி, அதற்கு மேலே கடதாசியும் சிராயும் வைத்து, உச்சியில் பற்றவைத்து மேலிருந்து கீழே எரியவிடுவார். புகை நெருப்புக்குள்ளேயே எரிந்துவிடும், கண் எரியாது. இதற்கு அங்கே 'பாசா ஞெங்கோ மகோகோ' என்று பெயர், பாட்டி மூட்டுகிற மாதிரி மூட்டு என்று அர்த்தம். கேட்டதும் எனக்கு என் அப்பாயி ஞாபகம்தான். கவ்வாத்து முடிந்ததும் மலையிலிருந்து வெட்டிய தேயிலைக் கிளைகளை, மிலாறைக் கட்டிக்கொண்டு வந்து, தடித்ததைக் கீழேயும் மெலிசை மேலேயும் அடுக்குவார். ஏன் அப்படி என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பெரியவரோடு கையை நீட்டிக்கொண்டு பத்து நிமிடம் நிற்பேன். அவருடைய மனைவியும் ஊரில் தனியாக விறகு பொறுக்குகிறவர்தான். அவருக்கும் நெருப்பு சுகம்தான், கஷ்டமும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததை நான் பார்த்தேன்.

அட்டன் மாஸ்டர்

நான் எழுபதைத் தாண்டியவன். எழுத்துப் பிழை இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள், பேரன்தான் தட்டச்சு செய்கிறான்.

80களில் நம் நாட்டிலிருந்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியா, சாம்பியா என்று போனோம். எனக்கு வாய்த்தது லெசோத்தோ. நாட்டில் மிகப் பள்ளமான இடமே 1,400 மீற்றர், உலகத்தில் முழுவதும் 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிற நாடு அது ஒன்றுதான். ஜூனில் நான் வகுப்புக்குள் போகும்போது பிள்ளைகள் எல்லோரும் கம்பளிப் போர்வையைப் போர்த்தி, தோளில் ஒரு பெரிய ஊக்குக் குத்தி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு ஒரு நிமிடம் எந்த நாட்டில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. என் தாய் கம்பளியைத் தலையோடு மூடிக் கொங்காணி போட்டு மலைக்குப் போனவர். அங்கே அரசரும் ஆடு மேய்க்கும் பையனும் கம்பளி போர்த்துகிறார்கள், கல்யாணத்துக்குக் கம்பளி, பிள்ளை பிறந்தால் கம்பளி. 1860இல் மோஷ்வேஷ்வே மன்னருக்கு யாரோ ஒரு கம்பளியைக் கொடுத்ததாகவும் அதிலிருந்து நாடே அதை எடுத்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். போர்வையின் கோடு நெட்டுக்கு நிற்கும்படிதான் போர்த்த வேண்டும், அப்போதுதான் ஆள் வளர்வான் என்று நம்பிக்கை. நான் படுக்கை வாட்டில் போர்த்தியதைப் பார்த்து ஒரு மாணவி எழுந்து வந்து திருத்தி விட்டாள்.

இங்கே கம்பளி என்றால் தோட்டத்து ஆள் என்று அடையாளம் காட்டும் பொருளாக இருந்தது. பஸ்ஸில் ஏறும்போது என் அம்மா அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவார், பிறர் பார்வைக்காக. அங்கே அது பெருமை. என் வாழ்க்கையில் குளிர்காலம் தந்த பெரிய சுகம் என்றால் அதுதான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து கடைத்தெருவில் நடந்தது.

மேல்கணக்குத் தம்பிக்கு ஒன்று. உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் சுகமே இருக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள், அது அந்த மனிதர்களுக்குச் செய்கிற நியாயம் ஆகாது. மார்கழியில் விடிய நாலு மணிக்குப் பஜனைக் கோஷ்டி லயம் லயமாக வரும், நாங்கள் ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் புகுந்துகொண்டு பின்னால் போவோம், கோயிலில் சுடச் சுடப் பொங்கலைக் கையில் வாங்கிக் கை மாற்றிக் கை மாற்றி ஊதித் தின்போம். இரவு அடுப்புச் சாம்பலுக்குள் அம்மா உருளைக்கிழங்கைப் புதைத்து வைப்பார். தோல் கருகி இருக்கும், பிட்டால் ஆவி வரும், உப்பும் கொச்சிக்காய்த் தூளும் தொட்டுக்கொள்வோம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிக்கொண்டே அதைத் தருவார். லெசோத்தோவில் வறட்டித் தீயில் சோளக்கதிர் வாட்டித் தந்த கிழவியின் கையும் என் அம்மாவின் கையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன.

ஹவாசா தையல்

மாஸ்டர் சேர், உங்கள் கம்பளிக் கதையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

நான் பண்டாரவளை. எத்தியோப்பியாவில் ஹவாசா நகரத்து ஆடைத் தொழிற்சாலையில் வேலைக்கு வரும் இளம் பெண்களுக்குத் தையல் பழக்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தேன். அங்கே ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழைக் குளிர், அவர்கள் அதைக் கிரெம்ட் என்கிறார்கள், அதைத்தான் குளிர்காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். சேறு, இருட்டு, தங்கும் இடத்தில் நீர் சூடாகாது. முதல் மாதம் திரும்பி வந்துவிடலாம் என்றே இருந்தேன். என் வரிசையில் வேலை செய்த ஒரு பிள்ளை தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள், அன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது.

தரையில் பச்சைப் புல் பரப்பியிருந்தார்கள், மழை பெய்த தோட்டத்தையே வீட்டுக்குள் கொண்டு வந்தது மாதிரி வாசம். அவளுடைய அம்மா பச்சைக் கோப்பிக் கொட்டையைக் கழுவி, கண் முன்னாலேயே சட்டியில் வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவர் முகத்துக்கும் நேரே காட்டினார். அப்புறம் உரலில் இடித்து, கறுப்பு மண் கூஜாவில் காய்ச்சினார். ஒரு பக்கம் சாம்பிராணி. கொறிக்கப் பொரித்த சோளம். ஒரு கோப்பையோடு எழுந்துவிட முடியாது, மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பரக்கா. பரக்கா என்றால் ஆசீர்வாதம், அதைக் குடிக்காமல் எழுந்தால் அந்த வீட்டு ஆசீர்வாதத்தை வேண்டாம் என்று சொன்ன மாதிரி. வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே இரண்டு மணி நேரம் கோப்பி.

எனக்கு அந்த மூன்றாவது கோப்பையில்தான் ஒரு நினைவு வந்தது. நம்முடைய ஆட்களை 1820களிலிருந்து இந்த மலைக்குக் கொண்டு வந்ததே கோப்பிக்குத்தானே, தேயிலை எல்லாம் பிறகு, 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு. மன்னாரிலிருந்து நடந்து வந்து கோப்பித் தோட்டத்தில் செத்தவர்கள் எத்தனை பேர். அவர்களில் யாராவது ஒருவருக்காவது இப்படிப் பொறுமையாக ஒரு கோப்பை கோப்பியைக் காய்ச்சிக் கையில் கொடுத்திருப்பார்களா? கோப்பி பிறந்த நாட்டில், அதற்காகக் கடல் தாண்டியவர்களின் பேத்தி குடிக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்ல ஆசைப்பட்டேன், மொழி போதவில்லை. பிள்ளை மொழிபெயர்த்தாள். அந்த அம்மா எழுந்து என் கோப்பையை மறுபடியும் நிரப்பினார். நான்காவது சுற்று வழக்கத்தில் இல்லை.

நானுஓயா தாதி

இடையில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து எல்லோரும் வாசியுங்கள். கரி அடுப்பு, இம்பாவுலா, மண்ணெண்ணெய் ஹீட்டர் எதுவாக இருந்தாலும் கதவு ஜன்னல் மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலையிடி, குமட்டல், அப்புறம் ஒரு சோம்பல், தூக்கம் என்று நினைத்துப் படுப்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள். புகை வரவில்லையே என்று நம்பவே கூடாது, நன்றாகக் கனன்ற கரியில் புகையே இருக்காது, வாயு இருக்கும். படுக்கப் போகும் முன் அடுப்பை வெளியே வைத்துவிடுங்கள். கால் குளிர்ந்தால் வெந்நீர்ப் பை, அது இல்லாவிட்டால் போத்தலில் வெந்நீரை ஊற்றி இறுக மூடித் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். நைரோபித் தம்பி, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன், அங்கே பல வீடுகளில் கரி அடுப்பு உண்டு.

பூண்டுலோயா தம்பி

சரி அக்கா, கட்டாயம். ஜெக்கட்டும் எடுக்கிறேன். அம்மாவிடம் காட்டினேன், உடனே எழுந்து போய் அப்பாவுடைய கம்பளிச் சட்டையையும் எடுத்து வைத்தார்.

கெரிச்சோ ஸ்டோர்

தம்பி, நைரோபியில் சாயங்காலம் வீதியோரத்தில் கரியடுப்பில் சோளம் சுடுவார்கள். 'மஹிந்தி' என்று கேள். எலுமிச்சம் பாதியைக் கொச்சிக்காய்த் தூளிலும் உப்பிலும் தொட்டு மேலே தேய்த்துத் தருவார்கள். முதல் சம்பளம் வரும் வரைக்கும் என் இரவுச் சாப்பாடு பாதி நாள் அதுதான், இன்றைக்கும் அலுக்கவில்லை.

மேல்கணக்கு

மாஸ்டர் சேர், நன்றி. உருளைக்கிழங்கு எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் எங்களுக்கு அது இரவுச் சாப்பாடே அதுதான் என்ற நாட்களில் வந்தது, அதனால் அதைச் சுகமாக எண்ணிப் பார்க்க என்னால் இன்னும் முடியவில்லை. அதற்குக் காலம் வேண்டும் போல.

கொட்டகலை அக்கா ஈரத்தையும் குளிரையும் பிரித்துச் சொன்னது மனதில் நின்றுவிட்டது. அம்மாவிடம் கேட்டேன், குளிரா ஈரமா எது மோசம் என்று. யோசிக்கவே இல்லை, "காலையில் ஈரப் படங்கைத் திரும்ப எடுத்துக் கட்டுறது இருக்கே, அதுதான்" என்றார். இத்தனை வருடம் நான் இதைக் கேட்டதில்லை.

கொட்டகலை மகள்

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே என் கூடப்பிறந்த தம்பியை அழைத்து வேலையைத் தொடங்கினேன். சொல்லலாமா என்று யோசித்தேன், உங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

லயத்துக்குப் பின்னால், அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி ஆறடிக்கு நாலடியில் ஒரு சின்னக் கொட்டகை. நான்கு டர்ப்பன்டைன் மரக் கம்பு, மேலே வெளிச்சம் உள்ளே விடும் பிளாஸ்டிக் தகடு இரண்டு, மழைச் சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் அதே தகடு ஒன்று. மற்றப் பக்கங்களை மூடக் கூடாது, காற்று போக வேண்டும். உள்ளே மூன்று கொடி. அடுப்புச் சுவர் பக்கத்துக் கொடியில்தான் படங்கும் கம்பளியும், சுவர்ச் சூடு பட்டுக்கொண்டே இருக்கும், புகை மட்டும் வராது. கூரைத் தகட்டுக்குச் சரிவு நன்றாகக் கொடுங்கள், நாங்கள் முதலில் குறைவாகக் கொடுத்ததில் தண்ணீர் தேங்கி வளைந்துவிட்டது, இறக்கி மறுபடி கட்டினோம். ஒரு நாள் வேலை.

அதற்குப் பிறகு மூன்று நாள் மழை. நேற்றுக் காலை அம்மா கம்பளியை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். இப்போது அவர் மலைக்குப் போவதில்லை, ஆனால் பக்கத்துக் காம்பரா அக்கா போகிறார், அவருடைய படங்கும் இப்போது நம் கொடியில்தான். இன்னும் இரண்டு வீட்டுக்குக் கட்ட ஆள் சேர்ந்திருக்கிறார்கள்.

மேல்கணக்கு

அக்கா, கம்பு எத்தனை அடி உயரம்? ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் கட்டப் போகிறோம்.

கொட்டகலை மகள்

முன்னால் ஏழு, பின்னால் ஐந்தரை. மண்ணுக்குள் ஒன்றரை அடி போக வேண்டும், அதையும் சேர்த்து வெட்டுங்கள்.

பூண்டுலோயா தம்பி

வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. குளிர் நீங்கள் சொன்னபடியேதான், அப்பாவுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றவே இல்லை. ஆறு மணி வேலைக்கு இருட்டில் நடந்து போகிறேன், வாயைத் திறந்தால் ஆவி வருகிறது, வீட்டில் மாதிரியே.

நேற்று வேலை முடிந்து வரும்போது கெரிச்சோ அண்ணன் சொன்ன சோளக்காரியைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு வயதான அம்மா, குடைக்குக் கீழே சின்னக் கரியடுப்பு. எலுமிச்சையைத் தேய்த்துத் தந்தபோது எங்கள் ஊரிலும் சோளத்தைச் சுட்டுத் தின்போம் என்றேன், எனக்கு வரும் அரைகுறை இங்கிலீஷில். எந்த ஊர் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல் போனில் இருந்த படத்தைக் காட்டினேன், எங்கள் லயத்து வாசல் திண்ணை, இஸ்தோப்பிலிருந்து எடுத்த தேயிலை மலை. போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, "இது கெரிச்சோதானே, என் மகள் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்" என்றார். நான் இல்லை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. இன்னொரு கதிரை எடுத்து அடுப்பில் வைத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

அம்மா தந்த தேங்காய் எண்ணெய் போத்தலிலேயே உறைந்துவிட்டது. ஜன்னலில் வைத்திருக்கிறேன், வெயில் இன்னும் வரவில்லை.